ஒரு ஞாயிறு மாலை அரங்கத்தைக் கொடுங்கள்

பெங்களூருவில் சொந்த அரங்கம் வைத்திருக்கும் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஸ்ரீராமபுரத்துப் பையன்கள் நான்கு பேர் ஹார்ட்கோர் பங்க் வாசிக்கிறார்கள், அதாவது அதிவேகமும் அலறலுமான ராக் இசை. பாட்டு தமிழில். நடுவில் கிட்டார் ஓய்ந்து பறை எழும், கானா வரும். உங்களைப் போன்ற ஓர் அமைப்பிடம் அரங்கம் கேட்டுப் போனார்கள். "இது வெறும் சத்தம், நம்ம இசையே இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தைக்காகத்தான் இந்த மடல்.

1982-ல் பேட் பிரெய்ன்ஸ் என்ற குழு தன் பெயரிலேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டது. வாஷிங்டனைச் சேர்ந்த நான்கு கறுப்பின இளைஞர்கள். ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃப்யூஷனில் தொடங்கி பங்க் பக்கம் வந்தவர்கள். அவர்கள் வேகத்தையும் கூட்டம் போட்ட ஆட்டத்தையும் கண்டு மிரண்ட உள்ளூர் கிளப்புகள் மேடை தர மறுத்தன. நியூயார்க்குக்குப் போய், 171ஏ என்ற சிறிய ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். முதலில் கேசட்டாக மட்டுமே வந்தது.

கேட்டுப் பாருங்கள். பல பாடல்கள் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூச்சு வாங்குவதற்குள் ஜமைக்காவின் நிதானமான ரெகே இசை வந்துவிடும். பேஸ் கிட்டார் நிதானமாக நடக்க, சற்று முன் அலறிய பாடகர் எச்.ஆரின் குரல் அப்படியே குழைகிறது. இரண்டுக்கும் ட்ரம்ஸ் ஏர்ல் ஹட்சன்தான்! ரெகேயை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளவில்லை அவர்கள். ஒரு ரெகே பாடல் ஆறு நிமிடத்தைத் தாண்டுகிறது. இரண்டு இசையும் தங்களுடையவை என்று நம்பியவர்களால்தான் அப்படிச் செய்ய முடியும். நம் பையன்களிடமும் அந்த நம்பிக்கையைப் பார்க்கிறேன்.

பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கியவர்கள் நாம். இன்று பொங்கல் விழாவில் அதைத்தான் முதலில் மேடையேற்றுகிறோம். அப்புறம் எதை வைத்து இந்தப் பையன்களின் இசையை நம்முடையது இல்லை என்கிறோம்?

அயர்ன் மெய்டன் 2007-லும் மெட்டாலிகா 2011-லும் அரண்மனை மைதானத்தில் வாசித்த ஊர் இது. ஆனால் புதுக் குழுக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பப் மேடைதான். அங்கே பள்ளியில் படிக்கும் தங்கை வர முடியாது, அம்மா வர மாட்டார். வாஷிங்டனில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். சிறுவர்களின் கையில் எக்ஸ் குறி போட்டு உள்ளே விட்டார்கள், குறி இருந்தால் மது கிடையாது. உங்கள் அரங்கில் அந்தக் குறிகூடத் தேவைப்படாது.

கேட்பது ஒரு ஞாயிறு மாலை, ஆறு மணி முதல் எட்டரை வரை. ட்ரம்ஸ், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். வாடகையும் முன்பணமும் நாங்கள் சில ரசிகர்கள் சேர்ந்து கட்டுகிறோம். நாற்காலிகளை மட்டும் ஓரமாகப் போட அனுமதியுங்கள். முன்வரிசையில் உங்களுக்கும் இடம் வைக்கிறோம், அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஓர் இசை ரசிகன்