குண்டிக்காய் வாங்க வரும் ஆராய்ச்சி மாணவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் 22 வருடமாகக் கறிக்கடை நடத்துகிறேன். கூட்டமில்லாத செவ்வாய், வெள்ளிகளில் விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு மாணவி ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியோடு வருவார். கேட்பது இரண்டு ஆட்டுக் குண்டிக்காய், அதாவது சிறுநீரகம். முதல் நாள் வழக்கம்போல் ஒட்ட அறுத்துக் கொடுத்தேன். "இது ஆகாது அண்ணே. ரத்தக்குழாய் இரண்டு விரல் நீளத்துக்கு வேணும். மேல் சவ்வில் கத்தி படக் கூடாது" என்றார். அப்புறம்தான் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு என்று தெரிந்தது.

எனக்குப் புரிகிற மாதிரி அவரே விளக்கினார். ரத்தக்குழாயில் சின்னக் குழாயைச் செருகி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கலந்த உப்பு நீரை விட்டு ரத்தத்தைக் கழுவ வேண்டும். அடுத்து, ஷாம்புவில் சேர்க்கிற ஒரு சோப்புப் பொருளைக் கரைத்து மணிக்கணக்கில் ஓட்டினால் உயிரணுக்கள் கரைந்து போய்விடும். மிஞ்சுகிற கூட்டில் நோயாளியின் உயிரணுக்களையே வளர்த்து அவருக்குப் பொருத்தினால், உடம்பு அதை அந்நியம் என்று தள்ளாது என்பது நம்பிக்கை.

ஹெப்பாரின் என்றதும் நிமிர்ந்தேன். என் அக்காவுக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ்; வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அந்த மருந்தின் பெயர் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் ரத்தப் பிரிவு அவருக்குச் சேரவில்லை. உறுப்பு தானத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

ஒருநாள் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டுக் காட்டினார். மேசைமேல் ஒரு பம்பு. அதன் உருளை சுற்றிச் சுற்றிக் குழாயை அழுத்தித் திரவத்தைத் தள்ளுகிறது. அக்காவின் ரத்தத்தைத் தள்ளுவதும் அதே மாதிரி உருளைதான். கண்ணாடிக் குடுவைக்குள், மூன்று நாள் முன்பு நான் அறுத்துக் கொடுத்த குண்டிக்காய். கருஞ்சிவப்பு போய், நுங்கு மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே குழாய்கள் கிளை கிளையாகத் தெரிந்தன. இத்தனை வருடம் அறுத்தும் நான் பார்க்காதது அது.

2013-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் எலியின் சிறுநீரகத்தை இப்படிக் கழுவி, புது உயிரணுக்களை ஏற்றி, இன்னொரு எலிக்குள் வைத்தபோது கொஞ்சம் சிறுநீர் சுரந்ததாம். மனிதருக்கு எப்போது என்று கேட்டேன். "இன்னும் பல வருடம் ஆகும் அண்ணே. கூட்டுக்குள் ரத்தம் போனதும் உறைந்துவிடுகிறது. அதைத் தடுப்பதுதான் என் ஆராய்ச்சி" என்றார். ஆசை காட்டாமல் உள்ளதைச் சொன்னதால் அவர்மேல் மரியாதை கூடியது.

இப்போது இரண்டு வாரமாக அவரைக் காணோம். போன் செய்தேன். உதவித்தொகை ஏழு மாதமாக வரவில்லையாம். விடுதிக்கே கடன் வாங்கிக் கட்டுகிறார். ரசாயனம் எங்கே வாங்குவது? இளநிலை ஆய்வாளர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று மத்திய அரசு உயர்த்தியது. சரி, அது கணக்கில் ஏறினால்தானே?

குண்டிக்காய்க்கு இனி காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். நிலுவையை உடனே கொடுத்து, இனி மாதாமாதம் தேதி தவறாமல் போட வேண்டும். உறுப்பு தானச் செய்திகளை அக்கறையோடு வெளியிடுகிற உங்கள் நாளிதழ் இதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரும் செவ்வாய்க்கு இரண்டு குண்டிக்காயைக் குழாயோடு எடுத்துவைத்திருப்பேன்.

இப்படிக்கு,
கறிக்கடைக்காரர் ஒருவர்,
மதுரை