வங்கி பார்த்துவிட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மனை, வீடு இணைப்பில் சென்ற வாரம் வெளியான கட்டுரையில், ‘வங்கிக் கடன் அனுமதியாகிவிட்டால் பத்திரத்தில் குறையில்லை என்று பொருள், அதற்கு மேல் தனியாக வழக்கறிஞரை அமர்த்துவது வீண் செலவு’ என்றொரு வரியைப் படித்தேன். எழுதியவரின் பெயருக்குக் கீழே அவர் என்ன தொழில் செய்கிறார் என்று அச்சிடும் வழக்கம் தங்களிடம் இல்லை. எனவே அவர் வீடு வாங்கியவரா, விற்றவரா, விற்றுக் கொடுத்துத் தரகு பெறுபவரா என்பதை வாசகர்கள் தாங்களாகவே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வங்கியின் வழக்கறிஞர் யாருக்காகப் பத்திரம் பார்க்கிறார் என்பது தாங்கள் அறியாததல்ல. அவர் எழுதும் கருத்துரை வங்கிக்கு உரியது. அதன் நகலைப் பல நேரங்களில் கடன் வாங்குபவரின் கண்ணில்கூடக் காட்டுவதில்லை. அதற்கான கட்டணத்தை மட்டும் தவறாமல் அவரிடமிருந்து பிடித்துக்கொள்வார்கள். நாளை வேறொருவர் அந்தச் சொத்தில் பங்கு கேட்டு வழக்காடி வென்றாலும் கடன் கடன்தான். தவணை நிற்காது, ஜாமீன் கையெழுத்திட்டவரையும் வங்கி விடாது. வங்கிக்குத் தன் பணம் திரும்பி வர இத்தனை வழிகள் இருக்கின்றன. வாங்கியவருக்கு அந்த வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

இதே கட்டுரை, பதிவு முடிந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்றும் ஆறுதல் சொல்கிறது. எழுதிக் கொடுப்பவருக்குச் சொத்தில் உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையல்ல என்று கூறி, சொத்து தமக்கு வந்த முந்தைய மூல ஆவணத்தை எழுதிக் கொடுப்பவர் பதிவின்போது காட்ட வேண்டும் என்ற தமிழ்நாடு பதிவு விதி 55ஏ(i)-ஐ உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாததாக்கியது. அந்தச் செய்தியைத் தங்கள் நாளிதழில்தான் நான் படித்தேன். இணைப்பைத் தயாரிப்பவர்கள் முதன்மை இதழைப் படிப்பதில்லை போலும்.

வில்லங்கச் சான்று பற்றியும் பலமுறை இப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். நாம் கேட்ட காலத்துக்குள் பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். பதிவாகாத உயில், எங்கோ ஒரு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் பாகப்பிரிவினை வழக்கு, கையெழுத்திடாமல் விடப்பட்ட வாரிசு, இவற்றில் எதையும் அதிலிருந்து அறிந்துவிட முடியாது. பட்டா பெயர் மாறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எழுதியதற்கு முன்பொரு முறை மறுப்பு அனுப்பினேன். அது நான்கு வரியாகச் சுருங்கி, பட்டா உரிமை ஆவணமாகாது என்ற வாக்கியம் மட்டும் இல்லாமல் வெளிவந்தது. இடப்பற்றாக்குறை என்று நினைத்து அன்று சும்மா இருந்துவிட்டேன்.

நான் சொல்வது ஏட்டுப் படிப்பல்ல. நாங்கள் ஒரு பழைய வீட்டை வாங்கப் பேசியபோது வங்கி ஒப்புதல் அளித்துவிட்டது. பதிவுக்கு நாளும் குறித்தாயிற்று. எங்கள் வழக்கறிஞர் அம்மையார் மட்டும் மூலப் பத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து வந்தவர், நடுவிலிருந்த ஒரு கிரயப் பத்திரத்தில் ‘மைனருக்காகத் தாயும் கார்டியனுமான’ என்ற இடத்தில் பென்சிலால் கோடிட்டு நிறுத்தினார். அந்தப் பங்கு சிறுவனின் பெயருக்குத் தாத்தா தானமாக எழுதி வைத்தது. மைனரின் தனிச்சொத்தை இயற்கைக் காப்பாளர் விற்க வேண்டுமானால் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். பெறாமல் விற்றால், அந்தப் பிள்ளை மேஜரான பின் மூன்று ஆண்டுகளுக்குள் விற்பனையை எதிர்த்து வழக்குத் தொடரலாம். அனுமதி உத்தரவு எங்கே என்று கேட்டார், விற்பவரிடம் இல்லை. பிள்ளையின் பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தபோது அந்த மூன்று ஆண்டுக் கெடு இன்னும் முடிந்திருக்கவில்லை. “வக்கீல்கிட்ட போனாலே குட்டையைக் குழப்பத்தான் செய்வாங்க” என்று தரகர் முகத்தைச் சுளித்தார். விற்பவர் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் அந்த இளைஞரையும் கிரயத்தில் ஒரு தரப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிய பிறகே பதிவு செய்தோம். வங்கியின் வழக்கறிஞர் அதே பத்திரத்தைத்தான் பார்த்து ‘குறையில்லை’ என்று எழுதியிருந்தார்.

பெண் மக்களின் பங்கும் இப்படிப்பட்டதுதான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளையும் பிறப்பால் பங்காளியாக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த விற்பனைகளை இது பாதிக்காது. கூட்டுக் குடும்பச் சொத்து ஒன்றை வாங்கப் போகிறவர் இந்தத் தேதிகளையெல்லாம் பத்திரத்தோடு பொருத்திப் பார்த்து, யார் யார் கையெழுத்து வேண்டும் என்று தாமே முடிவு செய்துகொள்வார் என்றா தங்கள் கட்டுரையாளர் எதிர்பார்க்கிறார்?

விற்பவருக்கு வழக்கறிஞர் எதற்கு, பணம் வாங்குபவர்தானே என்று கேட்பவர்களுக்காக என் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரகர் கொண்டுவந்த அச்சடித்த ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டு முன்பணம் வாங்கினார். மீதித் தொகையை எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. வாங்குவதாகச் சொன்னவர் இழுத்தடித்தார். அக்கா வேறொருவருக்கு விற்க முயன்றபோது, ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரி அவரே வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்வது பற்றிய சட்டத்தில் 2018-ஆம் ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, இத்தகைய வழக்குகளில் அப்படி உத்தரவிடுவதா வேண்டாமா என்று நீதிமன்றத்துக்கு இருந்த விருப்புரிமை பெரிதும் குறைந்துவிட்டது. வீடு பூட்டிக் கிடக்கிறது. அக்கா வாய்தாவுக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

வழக்கறிஞர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் வாதாட வரவில்லை. பத்திரத்தைப் புரட்டாமலே ஒரு பக்கத்தில் கருத்துரை எழுதித் தருபவர்களும் உண்டு. தரகரே அழைத்து வரும் வழக்கறிஞர் யாருக்கு நன்றியோடு இருப்பார் என்பதையும் விளக்க வேண்டியதில்லை. இதையெல்லாம் எழுதி, நல்ல வழக்கறிஞரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தங்கள் கட்டுரை சொல்லியிருந்தால் கைகூப்பியிருப்பேன். முன்பு ஞாயிறுதோறும் சொத்துச் சட்டக் கேள்வி பதில் பகுதி வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திய இடத்தில் இப்போது மனைப்பிரிவு விளம்பரம் வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. வங்கி வழக்கறிஞரின் கருத்துரை வங்கிக்கானதே, வாங்குபவருக்கானது அல்ல என்ற ஒரு குறிப்பை, கட்டுரை வெளியான அதே பக்கத்தில் அடுத்த வாரம் வெளியிடுங்கள். இக்கடிதத்தை வெளியிடத் திருவுளம் கொண்டு, வழக்கம்போல் சுருக்கவும் நேர்ந்தால், என் கோபத்தையெல்லாம் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். மைனர் பங்கைப் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்