அரைச்சுவர் மண்டபத்தை இடிக்க வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் பழைய மாணவர்கள் சேர்ந்து கனடாவிலிருந்து அனுப்பிய புதிய கட்டட வரைபடத்தை நமது பள்ளிக்கூட அதிபர் நேற்று எனக்குக் காட்டினார். மூன்று மாடி, ஆய்வுகூடம், கணினி அறை. கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு அது வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வரைபடத்தில் மாடி எழும் இடத்தில் இன்று நமது பழைய மண்டபம் நிற்கிறது. அதை இடிக்க வேண்டாம் என்று கேட்கவே எழுதுகிறேன். உமது நண்பர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

அந்த மண்டபத்துக்கு ஏன் அரைச்சுவர் என்று நீர் ஒருமுறை கேட்டீர், நினைவிருக்கிறதா? தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகத்தான். ஓட்டுக்கூரையைச் சுவருக்கு வெளியே நன்றாக இறக்கியிருந்தார்கள். சித்திரை வெயில் வாங்குகளில் விழாது, மாரிச் சாரலும் கொப்பியை நனைக்காது. மின்சாரமே இல்லாத அத்தனை ஆண்டுகளும் விசிறி இல்லாமல் அங்கே படிப்பித்தோம். கண்ணாடி யன்னல் போட்ட புதிய வகுப்பறைகளில் மதியப் பாடங்களில் பிள்ளைகள் வாடிவிடுகிறார்கள். கட்டியவர்களுக்கு நம் காற்று தெரிந்திருந்தது.

இரணைமடுக் குளத்தை நம்பி 1930களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படித்த இடம் அது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்திராவிட்டால், வயலில் நின்ற அந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடப் படி மிதித்திருக்கமாட்டார்கள்.

1996இல் போரால் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது நீர் ஒன்பதாம் ஆண்டு. அக்கராயனில் மரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்துவைத்துக் கணக்குச் சொல்லித்தந்தேன். 2008இல் மறுபடி ஓடினோம். அந்தத் தடவை மாணவர் சேர்வு இடாப்புகளைப் பொலித்தீன் பையில் சுற்றி, உரப்பையில் போட்டு, என் உடுப்புகளுக்கு நடுவே கட்டிக்கொண்டேன். இடையில் இரண்டு தொலைந்தன. மிஞ்சிய ஒன்றைப் பார்த்துத்தான், எல்லா ஆவணங்களையும் இழந்து வந்த ஒரு தாய்க்கு அவர் இங்கே படித்ததற்கான அத்தாட்சி கொடுக்க முடிந்தது. அவர் அந்தத் தாளைப் படிக்கவில்லை. கண்ணில் ஒற்றி மடித்து வைத்துக்கொண்டார்.

2010இல் திரும்பி வந்தபோது மண்டபத்தில் ஓடும் இல்லை, ஓட்டைத் தாங்கும் சலாகையும் இல்லை. சுவரும் தூண்களும் நின்றன. அவசரத்துக்குத் தகரம் போட்டோம். அது இன்றும் கிடக்கிறது. மழை இறங்கினால் ஆசிரியரின் குரல் முன்வாங்குக்கும் கேட்காது. மண்டபம் பயன்படாது என்று உங்களுக்குச் சொன்னவர்கள் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அது தகரத்தின் குற்றம்.

வாசலிலிருந்து மூன்றாவது தூணை மட்டும் சொல்லிவிடுகிறேன். எறிகணைச் சிதறல் தின்ற பள்ளங்களைச் சீமெந்தால் அடைத்தோம். ஒவ்வொரு மாரியும் அந்தப் பூச்சு பெயர்ந்து விழுகிறது. பழைய மேசன் ஒருவர் வந்து விரலால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்புக் காரை, அது ஈரத்தை வாங்கி வெளியே விடும், மேலே பூசிய சீமெந்து அதை அடைத்துவிடுகிறது என்றார். சுண்ணாம்பைக் குழைத்து ஒரு பள்ளத்தை அடைத்துக் காட்டினார். போன மாரிக்கு அது அசையவில்லை. பள்ளத்தின் அடையாளம் தெரிகிறது, தெரியட்டும்.

மாடிக்கு இடம் இல்லாமல் இல்லை. விளையாட்டு மைதானத்துக்கு வடக்கே, ஆசிரியர் விடுதி இருந்து அழிந்த நிலம் பற்றை மண்டிக் கிடக்கிறது. அதிபரோடு போய் நடந்து பார்த்தேன். உங்கள் கட்டடம் அங்கே தாராளமாக அடங்கும். மண்டபத்துக்குத் தேவை பனஞ்சலாகையும் ஓடும் சுண்ணாம்பும்தான். அந்த மேசன் இன்னும் வேலை செய்கிறார், தனக்குத் தெரிந்ததைப் பழக்கிவிட இரண்டு இளைஞர்களையும் கேட்டிருக்கிறார்.

ஐப்பசி மழைக்கு முன் தகரத்தைக் கழற்றினால்தான் இந்த ஆண்டு வேலை நடக்கும். உங்கள் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, மாடியை வடக்கே தள்ளலாமா என்று அதிபருக்கு ஒரு வரி எழுதும்.

அன்புடன்,
உமது கணித ரீச்சர்