காவலூரில் பிடிபட்ட ராமானுஜன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒவ்வொரு டிசம்பர் 22-ம் தேதியும் உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் ராமானுஜன் கட்டுரையைத் தேடிப் படிப்பவன் நான். கும்பகோணம், ஹார்டி, 1729 எல்லாம் தவறாமல் வந்துவிடும். அவர் பெயரில் ஒரு சிறுகோள் சூரியனைச் சுற்றி வருகிறது, அதைக் கண்டுபிடித்தது எங்கள் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் என்ற செய்தியை மட்டும் நான் பார்த்ததே இல்லை.

ஆலங்காயம் வட்டாரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது இதை வகுப்பில் சொல்வேன். "நம்ம காவலூரா சார்?" என்று கடைசி பெஞ்ச் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

காவலூர் என்றாலே 1986-ல் வந்த 2.3 மீட்டர் தொலைநோக்கியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ராமானுஜனைப் பிடித்தது அதுவல்ல. வெறும் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி. வானத்தின் அகன்ற பரப்பை ஒரே படத்தில் அள்ளக்கூடியது. அதை வைத்து 'கல்கி' என்ற தேடல் திட்டத்தை நடத்தியவர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆர்.ராஜமோகன். ஒரே இடத்தை இடைவெளி விட்டுப் படமெடுத்து ஒப்பிட்டால், நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும், சிறுகோள் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இப்படித்தான் 1988 பிப்ரவரி 17-ல் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள பட்டையில் இது சிக்கியது. பாதை உறுதியான பிறகுதான் நிரந்தர எண் கிடைக்கும், 4130 கிடைத்தது. பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. ராமானுஜன் நூற்றாண்டு அப்போதுதான் முடிந்திருந்தது. எவ்வளவு பொருத்தமான பெயர்!

இதற்கு முன் இந்தியாவிலிருந்து ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது 1885-ல், நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில். நார்மன் போக்சன் கண்ட அதன் பெயர் வேரா. அவரே 1861-ல் அங்கிருந்து கண்டுபிடித்த இன்னொன்றுக்கு 'ஆசியா' என்று பெயர். இந்தக் கண்டத்திலிருந்து கிடைத்த முதல் சிறுகோள் அதுதான். ஆக, நூறு வருஷத்துக்கு மேல் விட்டுப்போன வேலையை எங்கள் மலை மறுபடி தொடங்கிவைத்தது. இது பாடப்புத்தகத்தில் ராமானுஜன் படத்துக்குக் கீழே ஒரு வரியாகவாவது இருக்க வேண்டாமா?

இந்த டிசம்பரில் மாணவர் பக்கத்தைக் காவலூருக்கு ஒதுக்குங்கள். அந்த நாட்களில் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். நிருபரை அனுப்பினால் நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்.