இழப்பீட்டு டோக்கனுக்குக் கெடு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹேக்கிங்கில் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்குக் கிரிப்டோ சமூகமே டோக்கன் (இணையத்தில் வாங்கி விற்கக்கூடிய டிஜிட்டல் சீட்டு) வெளியிட்டு ஈடுகட்டுவது பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'கைகொடுக்கும் சமூகம்' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். கைகொடுப்பது நல்லதுதான், அந்தக் கையில் காசு இருக்கிறதா என்று கட்டுரையாளர் பார்க்கவில்லை. நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். எங்கள் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தால், பணம் யார் பெட்டியிலிருந்து, எந்தத் தேதிக்குள் போகிறது என்று தெரியாமல் அதில் கையெழுத்து விழாது. அந்தப் பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

இவ்வகை டோக்கன்களுக்கு முன்மாதிரியாகத் தங்கள் கட்டுரை சொல்வது பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சை, அதாவது கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் சந்தையை. 2016 ஆகஸ்டில் அங்கிருந்து 1,19,756 பிட்காயின்கள் திருடுபோயின. அன்றைய விலையில் சுமார் 7.2 கோடி டாலர். நிர்வாகம் செய்தது என்ன? திருடன் கைபட்ட கணக்கு, படாத கணக்கு என்ற பேதமே இல்லாமல் எல்லா வாடிக்கையாளர்களின் இருப்பிலும் ஏறத்தாழ 36 சதவீதத்தை வெட்டியது. வெட்டிய ஒவ்வொரு டாலருக்கும் பி.எஃப்.எக்ஸ் என்ற டோக்கன் ஒன்றைக் கொடுத்தது. (நஷ்டமே அடையாதவரும் நஷ்டத்தில் பங்கேற்றார் என்ற விவரம் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது.) 2017 ஏப்ரலுக்குள் அத்தனை டோக்கன்களையும் ஒரு டாலர் வீதம் திரும்ப வாங்கியோ, தாய் நிறுவனத்தின் பங்குகளாக மாற்றியோ கணக்கை முடித்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது சமூகத்தின் பெரிய மனதால் நடந்ததல்ல. எக்ஸ்சேஞ்ச் மூடப்படாமல் ஓடியது. வர்த்தகக் கட்டணம் நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. பெட்டியில் வரும்படி இருந்ததால் கொடுத்தார்கள்.

'நூறு சதவீதம் திருப்பித் தரப்பட்டது' என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். திருட்டு நடந்தபோது ஒரு பிட்காயின் சுமார் 600 டாலர். கடைசித் தவணை தீர்ந்த 2017 ஏப்ரலில் அது 1,100 டாலரைத் தாண்டியிருந்தது. டாலரில் கணக்குப் பார்த்தால் கடன் பைசல். தன் பிட்காயினே திரும்பி வேண்டும் என்று நினைத்தவர் அந்தத் தொகையைக் கொண்டு, இழந்ததில் பாதியைத்தான் வாங்கியிருக்க முடியும். டோக்கன் வெளியான புதிதில் சந்தையில் அது ஒரு டாலருக்கு வெகு கீழே விலைபோனது. அவசரத்துக்கு அப்போது விற்றவர்கள் நிலைமை இன்னும் மோசம்.

அதோடு முடியவில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை அந்தத் திருட்டுப் பொருளில் 94,000க்கும் மேற்பட்ட பிட்காயின்களைக் கைப்பற்றியது. அன்றைய மதிப்பு சுமார் 360 கோடி டாலர். களவுபோன நாளின் மொத்த மதிப்பைப் போல ஐம்பது மடங்கு! எங்கள் தொழிலில், இழப்பீடு கொடுத்த நிறுவனம் வாடிக்கையாளர் இடத்தில் நின்று குற்றவாளியிடம் வசூலிக்கலாம். ஆனால் தான் கொடுத்ததற்கு மேல் வசூலானால் மிச்சம் வாடிக்கையாளரைச் சேரும். பிட்ஃபினெக்ஸ் விஷயத்தில், டோக்கனைப் பங்காக மாற்றியவர்களுக்கு மட்டும் திருட்டுப் பொருள் மீட்கப்பட்டால் அதில் பங்கு கோரும் மீட்பு உரிமை டோக்கன் என்று தனியாக ஒன்று தரப்பட்டது. 2019இல் லியோ என்ற வேறொரு டோக்கனை வெளியிட்டபோது, மீட்கப்படும் நிகரத் தொகையில் குறைந்தது 80 சதவீதத்தைக் கொண்டு லியோவை வாங்கி அழிப்போம் என்று எழுதிக் கொடுத்தார்கள்; எண்ணிக்கை குறைந்தால் ஆதாயம் லியோ வைத்திருப்பவருக்குத்தான். ஒரு டாலருக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு போன பழைய வாடிக்கையாளருக்கு இந்தப் பந்தியில் இலையே போடவில்லை. இத்தனைக்கும் இதுதான் இருப்பதிலேயே நல்ல உதாரணம்.

என் அண்ணன் மகன் வேறொரு எக்ஸ்சேஞ்சில் சேமிப்பை வைத்திருந்தான். பெயர் வேண்டாம். அங்கும் ஹேக் நடந்தது, அங்கும் டோக்கன் கொடுத்தார்கள். கைபேசியைத் திறந்து காட்டினான். சுருங்கிப்போன நாணய இருப்புகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: ஆங்கில எழுத்துகளில் ஒரு சுருக்கப் பெயர், எண்ணிக்கை, நான்கு தசம இடங்களோடு துடித்துக்கொண்டிருந்த ஒரு விலை, ஓரத்தில் 'விற்க' என்ற பொத்தான். பணம் எப்போது வரும், தருபவர் யார், தராவிட்டால் யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம் அந்தத் திரையின் எந்த மூலையிலும் இல்லை. நிபந்தனை ஆவணத்தைத் தேடிப்பிடித்துப் படித்தோம். 'அவ்வப்போது', 'நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டு', 'இலாபம் இருக்கும்பட்சத்தில்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தார்கள். தேதி மட்டும் கிடைக்கவில்லை. இழப்பீட்டுக் கோரிக்கைக்கு விற்பனைப் பொத்தான் வைத்ததை என் வேலைக்காலத்தில் நான் கண்டதே இல்லை. பணமுடையில் இருந்தவன், பாதி டோக்கன்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை வாங்கியவர் யார்? பொறுத்திருக்க வசதி உள்ள யாரோ ஒருவர். நாளைக்கு முழுத்தொகை வந்தால் அவருக்குத்தான் போகும். செய்தியில் என்னவோ 'பாதிக்கப்பட்டவர்களுக்கு முழு இழப்பீடு' என்றுதான் வரும்.

சமூகம் சமூகம் என்கிறார்களே, அந்தச் சமூகம் தன் பணத்தைக் கொடுக்கச் சொன்னால் என்ன சொல்கிறது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2022 ஜூனில் ஹார்மனி என்ற கிரிப்டோ வலையமைப்பின் ஹொரைசன் பாலத்திலிருந்து (ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு நாணயங்களை மாற்றும் ஏற்பாடு) சுமார் 10 கோடி டாலர் பறிபோனது. அடுத்த மாதமே, கோடிக்கணக்கில் புதிய டோக்கன்களை உருவாக்கி மூன்று ஆண்டுகளில் ஈடுகட்டலாம் என்று ஒரு யோசனை வைத்தார்கள். புதிதாக அச்சடித்தால் ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர் அனைவரின் மதிப்பும் நீர்த்துப்போகும். கூச்சல் எழுந்தது, யோசனை கைவிடப்பட்டது. கிரிப்டோவை அடமானம் வாங்கிக் கடன் தரும் மேக்கர்டாவோவில் 2020 மார்ச் விலைச்சரிவின்போது ஏலங்களில் யாரோ சல்லிக்காசு கொடுக்காமல் அடமானங்களை அள்ளிச் சென்றார்கள். அது ஹேக்கிங் அல்ல என்றாலும் கேள்வி ஒன்றுதான். இழந்தவர்களுக்கு ஈடு தரலாமா என்று பின்னர் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்று முடிவானது. வாக்கு ஆளுக்கு ஒன்றல்ல, டோக்கனுக்கு ஒன்று. கொடுக்க வேண்டியவரே நீதிபதி இருக்கையிலும் உட்கார்ந்தால் தீர்ப்பு வேறு எப்படி வரும்?

இதற்கு மாறாக, 2018இல் 50 கோடிக்கும் மேற்பட்ட நெம் என்ற கிரிப்டோ நாணயங்களை இழந்த ஜப்பானின் காயின்செக் எக்ஸ்சேஞ்ச், டோக்கன் எதுவும் வெளியிடவில்லை. நாணயம் ஒன்றுக்கு இத்தனை யென் என்று ஒரு விலை வைத்துச் சொந்த மூலதனத்திலிருந்து இரண்டே மாதங்களில் கொடுத்தது. அந்த விலை குறைவு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இருந்தாலும் பணம் கைக்கு வந்தது.

எந்த எக்ஸ்சேஞ்சுக்கும் சம்பந்தமில்லாமல், ஹேக் நடந்த வாரத்திலேயே யாரோ முகம் தெரியாதவர்கள் தொடங்கும் 'உதவி டோக்கன்கள்' இன்னொரு ரகம். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் ஒரு பங்கு பாதிக்கப்பட்டோர் நிதிக்குப் போகும் என்பார்கள். அந்தப் பங்கு புதிதாக வாங்குகிறவர் பையிலிருந்து வருவது. வாங்குகிறவர் நின்றால் நிதியும் நிற்கும். இதைவிட ஆபத்து, 'உங்கள் இழப்பீட்டைப் பெற வாலட்டை இணையுங்கள்' என்று வரும் பக்கங்கள். வாலட் எனப்படும் கிரிப்டோ பணப்பையை இணைத்து ஒரு அனுமதியில் ஒப்புதல் கொடுத்தால், மிச்சமிருக்கும் டோக்கன்களையும் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் எதிராளிக்குப் போய்விடலாம். இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம் என்று சொல்லி மறுபடியும் ஏமாற்றுபவர்களைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ 2023இல் பொது எச்சரிக்கையே விட்டது. தங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

இன்னொன்று. கட்டுரைக்கு அருகே பெட்டிச் செய்தியாக, இப்படிப்பட்ட ஒரு இழப்பீட்டு டோக்கன் ஒரே வாரத்தில் இருமடங்கு ஏறியதாகப் போட்டிருந்தீர்கள். ஏறிய விலையால் பறிகொடுத்தவருக்கு என்ன வந்தது, எத்தனை டோக்கன்கள் இன்னும் அவர்கள் கையில் இருக்கின்றன என்று எங்கும் இல்லை. அடுத்த முறை இப்படி ஒரு டோக்கனைப் பற்றி எழுதும்போது விலைப் படத்துக்குப் பதிலாக, அதன் ஆவணத்தில் திருப்பிச் செலுத்துவது பற்றிய பத்தியை அப்படியே தமிழில் வெளியிடுங்கள். அப்படி ஒரு பத்தியே இல்லையென்றால், இல்லை என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இழப்பீட்டுப் பிரிவு அலுவலர் ஒருவர்