தமிழ்ச் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2019: பட் ஃபாஸ்டரின் தூக்குப்போசி

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொங்கல் வைக்க வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

சென்ற ஆண்டும் பொங்கல், சித்திரைத் திருநாள், ஞாயிறு தமிழ் வகுப்பு எல்லாம் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக மைதானத்தில், 2007 துப்பாக்கிச் சூட்டில் இறந்த 32 பேரின் நினைவுக் கற்களின் முன் கூடி, பேராசிரியர் ஜி. வி. லோகநாதன் கல்லருகே பூ வைத்தோம்.

மீதி நேரத்தை ஒரே ஒருவருக்காகக் கேட்டேன், செயற்குழு இசைந்தது. வர்ஜீனியா டெக்கின் அமெரிக்கக் கால்பந்து அணியில் தற்காப்புப் பிரிவின், அதாவது எதிரணியைப் புள்ளி எடுக்கவிடாமல் தடுக்கும் பிரிவின், பயிற்சியாளர் பட் ஃபாஸ்டர் 2019 பருவத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார். நவம்பர் மாதக் கூட்டத்தில் முழுக்க அவரைப் பற்றித்தான் பேசினோம். அன்று வர முடியாதவர்களுக்காக அதை இங்கே பதிவு செய்கிறேன்.

கென்டக்கியில் மர்ரி ஸ்டேட் கல்லூரிக்கு ஆடி, அங்கேயே தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பீமரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தவர் ஃபாஸ்டர். 1987இல் பீமர் வர்ஜீனியா டெக்கின் தலைமைப் பயிற்சியாளராகப் பிளாக்ஸ்பர்க் வந்தபோது கூடவே வந்தார். அந்த ஆண்டு 2 வெற்றி, 9 தோல்வி. 1992இலும் இரண்டே வெற்றிதான். மறு ஆண்டு முதல் 27 பருவங்கள் தொடர்ந்து அணி பருவ இறுதிக் கிண்ணப் போட்டிக்குப் போனது. அத்தனையிலும் ஃபாஸ்டர் இருந்தார்.

அவருடைய தற்காப்புப் பிரிவின் அடையாளமான தூக்குப்போசி 1995இல் வந்தது. நம்மில் கொங்குப் பக்கத்தார் சொல்லும் அதே தூக்குப்போசிதான். அப்போது அவரோடு தற்காப்பைப் பகிர்ந்து நடத்திய ராட் ஷார்ப்லெஸின் மாமியார் வழியாகக் கிடைத்தது அது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் சோறு கொண்டுபோன பழைய பாத்திரம். ஆட்டக்காரர்கள் தங்கள் இலக்குகளை எழுதிக் கையொப்பமிட்டு அதற்குள் வைத்தார்கள். முதல் இரண்டு ஆட்டமும் தோற்ற அணி, அதன்பின் ஆடிய பத்தையும் வென்றது; அதில் கடைசியாக, சுகர் கிண்ணப் போட்டியில் டெக்சாஸை 28-10 என்று வீழ்த்தியது. சுரங்க வேலையை நம்பி வாழ்ந்த இந்த மலைநாட்டு மக்களுக்கு அந்தப் பாத்திரம் சொந்த வீட்டுப் பொருள். அதனால்தான் அது நிலைத்தது என்பது என் எண்ணம்.

2006இல் நாட்டிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது அவருடைய அணி. சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராயல்ஸ் விருதும் அவருக்குக் கிடைத்தது. 2014இல் எதிரணியின் ஊரான கொலம்பஸுக்கே போய் ஒஹையோ ஸ்டேட்டை 35-21 என்று வென்றார்கள். ஒஹையோ ஸ்டேட்தான் அவ்வாண்டு தேசியப் பட்டம் வென்றது. அது தோற்ற ஒரே ஆட்டம் இதுதான்.

ஆனால் நம் சங்கத்துக்கு மறக்க முடியாதது 2007. ஏப்ரல் 16 அன்று நாரிஸ் ஹால் 206ஆம் அறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது லோகநாதன் ஐயா சுடப்பட்டார். கோபிசெட்டிபாளையம் கரட்டடிபாளையத்தில் பிறந்து, கால் நூற்றாண்டு இங்கே பாடம் சொன்னவர். அந்த இலையுதிர் பருவத்தில், இறந்த 32 பேரின் பெயர்களும் ஃபாஸ்டரின் தூக்குப்போசிக்குள் இருந்தன. செப்டம்பர் 1, முதல் ஆட்டம். 32 ஆரஞ்சு பலூன்கள் மேலே போனபோது லேன் அரங்கம் முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. கிழக்கு கரோலினாவை 17-7 என்று வென்றோம். கோபி மண்ணில் பிறந்தவரின் பெயர் ஒரு தூக்குப்போசிக்குள் இருந்தபடி களத்துக்குப் போனதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2015 முடிவில் பீமர் விலகினார். தலைமைப் பதவி வெளியிலிருந்து வந்த ஜஸ்டின் ஃபுவென்டேவுக்குப் போனது. தலைமைப் பயிற்சியாளராக ஒருநாளும் இருந்திராத ஃபாஸ்டர், புதியவரின் கீழும் அதே வேலையை நான்கு பருவம் செய்தார். மொத்தம் 33 பருவம், ஒரே ஊர். பெரிய பதவிக்காக இடம் மாறிக்கொண்டே இருக்கும் இந்தத் தொழிலில் இது எவ்வளவு அரிது என்பதை, வேலைக்காக ஊர் ஊராக மாறிய நம்மில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்கே அவருடைய கடைசி ஆட்டம் நவம்பர் 23 அன்று. பிட்ஸ்பர்க் 0, வர்ஜீனியா டெக் 28. டிசம்பர் 31 அன்று கென்டக்கியிடம் 30-37 என்று தோற்றுப் பருவம் முடிந்தது.

அவருக்கு அனுப்ப நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறோம். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் உறைமேல் ஒரு தூக்குப்போசி வரைந்திருக்கிறார்கள். கடிதம் வாசலருகே மேசைமேல் இருக்கிறது, பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் எல்லோரும் தமிழிலேயே கையொப்பமிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்