எடைமேடைக் கணினியும் புதுக் கணினியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதையொட்டி ஆரணி வட்டாரத்து அரிசி ஆலைகளிலும் மண்டிகளிலும் விண்டோஸ் 11 கணினிகள் வந்து இறங்கியிருக்கின்றன. ஆனால் பழையதை யாரும் தூக்கிப் போடவில்லை, போடவும் முடியாது. நான் கணக்கெழுதும் ஆலையில் எடைமேடைக் கேபினில் இன்னும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிதான் ஓடுகிறது. லாரி ஏறி நின்றதும் எடை காட்டும் கருவியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடை அதற்குள் போகும். அந்த மென்பொருள் வேறு கணினியில் ஏறாது. ஆபீசில் புதுசு, கேபினில் பழசு, பிரிண்டர் மட்டும் ஒன்று. அங்கேதான் தொல்லை ஆரம்பம்.

சர்வீஸுக்கு வரும் தம்பிகள் இதற்குச் செய்வது ஒன்றுதான். புதுக் கணினியில் எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்து, ஃபயர்வாலை அணைத்து, அப்டேட்டையும் நிறுத்திவிடுவார்கள். பேப்பர் வந்துவிடும், அவர்களும் காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கோப்பையும் பிரிண்டரையும் பகிர விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் பேசும் முறைதான் எஸ்எம்பி. எக்ஸ்பிக்குத் தெரிந்தது அதன் முதல் பதிப்பு மட்டுமே. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி 1 வழியாகப் பகிரும் வசதி தானாகச் சேர்க்கப்படுவதில்லை. ஜிஎஸ்டியும் வங்கிக் கணக்கும் பார்க்கும் கணினியில் அதை மறுபடி திறந்து வைப்பது வேண்டாத வேலை.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு எஸ்எம்பி 1 தேவையே இல்லை, அடுத்த பதிப்பு அதற்குத் தெரியும். பிரிண்டரைப் புதுக் கணினியில் மாட்டிவிட்டு 7-லிருந்து இணைத்தால் 11பி என்று முடியும் பிழை எண் வரும். 2021-இல் வந்த அப்டேட்டுகளில் பிரிண்டர் பகிர்வுக்கான பாதுகாப்புக் கெடுபிடி கூடியதன் விளைவு அது. இதற்காக அப்டேட்டை நீக்க வேண்டியதில்லை. புதுக் கணினியில் பாஸ்வேர்டோடு ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, 7-லிருந்து அந்தப் பெயரில் ஒருமுறை உள்ளே போய் வாருங்கள். அப்புறம் நெட்வொர்க் பிரிண்டர் என்று தேடாமல், லோக்கல் பிரிண்டர் என்றே சேர்க்க வேண்டும். புதிய போர்ட் கேட்கும் இடத்தில் லோக்கல் போர்ட்டைத் தேர்ந்து, இரண்டு பேக்ஸ்லாஷ், கணினியின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், பிரிண்டரின் ஷேர் பெயர். டிரைவரை 7-க்கு உரியதாகவே போட்டுக்கொள்ளலாம். 32 பிட், 64 பிட் சண்டையும் இதோடு ஒழியும்.

எக்ஸ்பிக்கு இதுவும் ஆகாது. நாங்கள் பகிர்வதையே விட்டுவிட்டோம். லேன் போர்ட் உள்ள செகண்ட் ஹேண்ட் லேசர் பிரிண்டர் ஒன்றை வாங்கி, கேபிளை நேரே கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் செருகினோம். இரண்டு கணினியிலும் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் உண்டு; அதில் பிரிண்டரின் ஐபி முகவரியைக் கொடுத்தால் 9100 என்ற போர்ட் வழியாக அதனிடமே நேராகப் பேசும். பிரிண்டருக்கு பிசிஎல் 5 என்ற பிரிண்டர் மொழி புரிந்ததால், எக்ஸ்பிக்குள்ளேயே இருக்கும் லேசர்ஜெட் 4 டிரைவர் போதுமாக இருந்தது. எக்ஸ்பியின் நெட்வொர்க் அமைப்பில், வெளியே போகும் வழியான கேட்வே இடத்தைக் காலியாக விட்டுவிட்டோம். பிரிண்டரை எட்டும், இணையத்துக்குப் போகாது. பிரிண்டரின் முகவரியை நிலையாக வைக்க மறக்காதீர்கள். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் வேறு முகவரி கொடுத்தால் பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டும், உடனே சர்வீஸுக்குப் போன் பறக்கும்.

ஊரெல்லாம் இருக்கும் லேசர்ஜெட் 1020-ஐ, யுஎஸ்பி பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைக்கும் பிரிண்ட் சர்வர் பெட்டியில் மாட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் தன்னை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைக் கணினியிலிருந்து ஏற்றிக்கொள்ளும் பிரிண்டர் அது. சாதாரணப் பெட்டியோடு ஒத்துவராது.

புதிதாக வாங்குபவர்கள் கடையில் லேன் போர்ட்டும் பிசிஎல்லும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கட்டும். வைஃபை இருக்கிறதே என்பார் கடைக்காரர். எங்கள் கேபின் தகர அடைப்பு, அதற்குள் வைஃபை எட்டுவதில்லை.

இங்ஙனம்,
அரிசி ஆலைக் கணக்கர்,
ஆரணி.